ஒண்ணேகால் இஞ்சு

காயாரோகணத்தைக் கடல் வேண்டாமென்று சொல்லிவிட்டது. தரங்கம்பாடிக்குப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து, அப்பனும் பாட்டனும் அலையிலேயே காலம் தள்ளியிருக்க, அவர் மட்டும் வள்ளத்தில் ஏறி இரண்டாவது அலை தாண்டுவதற்குள் குடலே வெளியில் வந்துவிடும்போல வாந்தி எடுப்பார். மச்சான் அமிர்தலிங்கம் அவரை வள்ளத்தின் முன்முனை அணியத்தில் கட்டிப்போட்டுக்கூடக் கொண்டுபோய்ப் பார்த்தார். வலையைப் பிடிக்க வேண்டிய கை வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்ததில் பாதி மீன் திரும்பக் கடலுக்கே போனதாம். அன்றிலிருந்து குப்பத்தில் அவருக்கு ஒரு மரியாதையும் கிடையாது. இருந்த கொஞ்சத்தையும் அவர் மனைவி தனபாக்கியம் எடுத்துத் தினப்படி செலவு செய்துகொண்டிருந்தாள்.

சிரிக்கிற தகுதி எனக்கு இல்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் நான் எழுத்தன். திருவையாற்றுப் பக்கத்துக்காரன். சங்கராவையும் சூடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று மீன்தான் சொல்ல வேண்டும். அதையே ஒரு தகுதியாகக் கருதி அரசாங்கம் என்னை அங்கே அனுப்பியிருந்தது. சாப்பாடு தனபாக்கியம் வீட்டில். அவள் வைக்கும் சூடைக் குழம்புக்காக ஏச்சுப் பேச்சையும் சேர்த்துச் சாப்பிட்டேன். இரண்டிலும் புளி சரியாக இருக்கும்.

கடலில் தோற்ற மனிதர் சைக்கிளில் தேறினார். விடிகாலையில் வள்ளம் கரையேறியதும் மீன் கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் கிளம்புவார். தார்ச்சாலையில் போக மாட்டார். சுற்றுவழி என்பார். வாய்க்கால் கரை, வரப்பு, வண்டிப்பாதை என்று குறுக்கே விழுந்து, அறுப்புக்காரர்கள் கரையேறும் நேரத்துக்கு அவர்கள் தெருமுனையில் மணியடித்துக்கொண்டு நிற்பார். தனபாக்கியம் பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்வாள். விற்பது அவள். நெல்லைக் கொடுத்து மீன் வாங்குகிற ஊர்கள் அவை. அந்த நெல்தான் இவர்கள் வீட்டில் சோறு.

சைக்கிள் சக்கரம் இருபத்தெட்டு ஒண்ணரை. ஒன்றரை இஞ்சு அகலத்தில், பெருத்த பாம்பு இரை தின்றுவிட்டுக் கிடப்பதுபோல டயர். அதில் அரைக் காற்றுத்தான் வைப்பார். ஈர வரப்பில் டயர் கொஞ்சம் பரந்து கொடுத்தால்தான் புதையாது, மீனும் அடிபடாது. இதைக் கண்டுபிடித்ததற்காக யாரும் அவரைப் பாராட்டவில்லை. ‘காத்தடிக்கச் சோம்பேறி’ என்று மட்டும் சொன்னார்கள்.

அந்தத் தை மாதத்தில் மீன் விற்கவில்லை. கழகம் ஆட்சிக்கு வந்து, நிலத்துக்கு உச்சவரம்பு போட்டு, சட்டத்தை அச்சடித்துக் கொடுத்த சமயம். எங்கள் பக்கத்துக் கழகச் செயலாளர் வைத்தியலிங்கத்துக்கு எத்தனை வேலி நிலம் என்று அவருக்கே மறந்துபோயிருந்தது. சட்டம் வந்ததும் ஞாபகப்படுத்திக்கொண்டு மாமியார் பேருக்கும், மாட்டுக்காரன் பேருக்கும், இன்னும் பிறக்காத பேரன் பேருக்கும் எழுதிவைத்தார். பேத்தி பிறந்தது. நிலம் பேரன் பேரிலேயே இருந்தது. அறுப்புக் கூலியில் மரக்காலுக்கு மரக்கால் குறைத்து அளந்ததில் ஆட்கள் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கூலி நெல் வரவில்லை. நெல் வராத ஊரில் மீனை யார் வாங்குவார்கள்? தனபாக்கியம் கொண்டுபோன கூடையைக் கொண்டுவந்து கருவாடாகக் காயப்போட்டாள். முற்றம், கூரை, வேலி எல்லாம் கருவாடு. என் சட்டைகூடக் கருவாடு.

இந்த நேரத்தில்தான் வைத்தியலிங்கம் பொங்கல் விழாவுக்குச் சைக்கிள் பந்தயம் அறிவித்தார். தரங்கம்பாடியிலிருந்து மாயவரம். முதலில் வருகிறவனுக்கு அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலை வாங்கித் தருவதாக மேடையிலேயே சொன்னார். அதே மேடையில், “உச்சவரம்புக்கு மேலே எனக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. இருந்தால் காட்டட்டும்!” என்று துண்டை உதறினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாசில்தார் முதல் ஆளாகக் கைதட்டினார்.

காயாரோகணம் நேராக லியாகத் அலியின் சைக்கிள் கடைக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

“இருபத்தெட்டு ஒண்ணரை. இது டயரா பாய்? பூசணிக்கா!” என்று தன் டயரைத் தானே உதைத்தார் காயாரோகணம்.

“அத நாஞ் சொல்லணும். நீயே சொல்லிட்டா நா எதச் சொல்லி யாவாரம் பண்றது?” என்ற லியாகத் அலி, உத்தரத்தில் தொங்கிய ஒரு மூட்டையை இறக்கினார். பழைய கைலியைப் பிரித்தால் உள்ளே இரண்டு சக்கரங்கள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவை மாதிரி. “இருபத்தேழு ஒண்ணேகால். எம் மச்சான் ஜெகபரு சிங்கப்பூர்லேந்து கப்பல்ல அனுப்புனது. தொட்டுப் பாரு. மொதல்ல கையத் தொடச்சுக்க.”

“இவ்ளோ ஒல்லியா இருக்கே, ஆளத் தாங்குமா?” என்று கேட்டேன்.

லியாகத் அலி என் வயிற்றைப் பார்த்தார். “எந்த ஆளுன்னு சொல்லலியே சார் நீங்க.”

“ஓட்டம் எப்புடி பாய்?” என்றார் காயாரோகணம்.

“ரோட்டுல படற எடம் கம்மி. படற எடம் கம்மின்னா இழுவ கம்மி. மிதிச்சது பூராவும் ஓட்டந்தான். ஒன் டயரு என்னா பண்ணுது? நீ மிதிக்கிறதுல பாதிய அதுவே தின்னுட்டு ஏப்பம் விடுது.”

“காத்து?”

“கல்லு மாரி. கட்ட வெரலால அமுக்குனா வெரலுதான் அமுங்கணும். அரக் காத்து வச்சுக்கிட்டுத் தொப்ப குலுங்கக் குலுங்க வரப்புல போவியே, அந்த லீலையெல்லாம் இதுல ஆவாது. ரிம்மு டியூபக் கடிச்சுப்புடும்.”

“ஒரு முக்காக் காத்து வச்சுக்கிட்டா…” என்று நான் ஆரம்பித்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே காற்று இறங்கிவிட்டது.

கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் ஒரு துணித் திரை. அதற்கு அந்தப் பக்கமிருந்து லியாகத் அலியின் மனைவி ஹபீபுன்னிசாவின் குரல் வந்தது. “ஏங்க, எந் தம்பி அனுப்புனத ஊருக்கு ஓசியில குடுக்குறீங்களா?”

“இல்லம்மா, நம்ம காயாதான்…”

“காயாவா இருந்தா என்னா, பழமா இருந்தா என்னா? அவரு சக்கரம் ரெண்டும் இங்க இருக்கட்டும். இது போன மாரியே திரும்பி வந்தா அது போவட்டும். இதுல ஒரு கம்பி கோணிச்சுன்னா அது ரெண்டும் நமக்கு. சம்மதமான்னு கேளுங்க.”

காயாரோகணம் சம்மதம் என்று என்னிடம் சொன்னார், நான் லியாகத் அலியிடம் சொன்னேன், அவர் திரையிடம் சொன்னார். பெண்டாட்டியைக் கேட்காமல் குடும்பத்தின் சோற்றைப் பணயம் வைக்கிற காரியம் இத்தனை மரியாதையாக நடந்து நான் பார்த்ததில்லை.

வீட்டில் என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, தனபாக்கியம் மண்சட்டியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். சைக்கிளைப் பார்த்தாள். கரண்டி நின்றுவிட்டது.

“என்னாய்யா இது? பட்டினி கெடந்த மாரி நிக்கிது?”

“ரேஸு டயரு.”

“நம்ம டயரு எங்க?”

சொன்னார். அவள் கரண்டியைச் சட்டி விளிம்பில் டங்கென்று ஒரு தட்டுத் தட்டினாள்.

“அது போனா சோறு போச்சுன்னு தெரியுமா தெரியாதா?”

“கண்டக்டரு வேல கெடச்சா சோறு தானா வரும். காக்கிச் சட்ட, பையி, விசிலு.”

“கண்டக்டரு! கூறுகெட்ட மனுசா, ஒனக்குப் பஸ்ஸு ஏறுனாலே வாந்தி வருமேய்யா!”

நான் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். இது எனக்குத் தோன்றவேயில்லை. போன வருஷம் வேளாங்கண்ணிக்குப் போனபோது ஜன்னலோரத்தில் அவர் செய்த அட்டகாசம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“உக்காந்துகிட்டு வர்றவனுக்குத்தான் வாந்தி வரும். டிக்கெட்டு குடுக்குறவனுக்கு வராது,” என்றார் காயாரோகணம்.

“யாரு சொன்னா?”

“எந்தக் கண்டக்டராவது வாந்தி எடுத்து நீ பாத்துருக்கியா?”

தனபாக்கியம் என்னைப் பார்த்தாள். “சார், இதுக்கு ஒரு பதிலு சொல்லுங்க சார்.” நான் தட்டை நீட்டினேன். அவள் குழம்பை என் தட்டில் ஊற்றினாள். கைதான் ஊற்றியது. கண் வாசலில் நின்ற ஒல்லிச் சக்கரத்தின் மேலேயே இருந்தது. “வள்ளத்துலதான் ஒதவல. வரப்புலயாவது ஒதவுதேன்னு இருந்தேன்,” என்று சட்டியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பந்தயத்தன்று அரசாங்க எழுத்தர்களையெல்லாம் வளைவுக்கு ஒருவராக நிறுத்தினார்கள். எனக்குக் கருவேலங்குடி வளைவு. கையில் சிவப்புக் கொடி, வாயில் விசில். விசில் எனக்கு வராது. ஊதினால் ‘புஸ்’ என்று ஒரு பெருமூச்சு கேட்கும்.

பனி விலகி வெயில் லேசாக ஏறியபோது மூன்று மாட்டு வண்டிகள் வந்து நின்றன. வைத்தியலிங்கத்தின் காரியக்காரர் பஞ்சநதம் இறங்கினார். பின்னாலேயே ஆட்கள் நெல்லைக் கொட்டி, காலால் தள்ளி, தார்ச்சாலை முழுவதும் பரப்ப ஆரம்பித்தார்கள். தஞ்சாவூர்ச் சீமையில் தை மாதத்துத் தார்ச்சாலை, சாலையே அல்ல. நீளமான களம். பஸ்ஸே ஒதுங்கித்தான் போகும். இது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். பந்தயம் வைத்தவருக்கும், பந்தயத்துக்கு டயர் பார்த்தவர்களுக்கும், கொடியோடு நின்ற எனக்கும் மட்டும் அன்றைக்குத் தோன்றவில்லை.

“என்னங்க இது? சைக்கிள் ரேஸ் வருது!” என்றேன்.

“களத்துல அந்தப் பொம்பளைங்க உக்காந்துருக்காளுவ. போலீச வச்சு நெல்ல மட்டும் வெளியில எடுத்தாச்சு. ஈர நெல்லு. இன்னிக்குக் காயலன்னா மொளச்சுப் போயிடும்.”

“ரேஸே உங்க அய்யா வச்சதுதானே?”

“நெல்லும் அய்யாவுதுதான். ரேஸு ஒருநா கூத்து, நெல்லு வருசம் பூராவுக்கும் சோறு. எது பெருசு, நீங்களே சொல்லுங்க.”

நான் விசிலை ஊதினேன். புஸ். பஞ்சநதம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு நெல்லைக் கிண்டப் போனார்.

களத்துக்காரப் பெண்கள் எல்லையம்மாளை முன்னால் விட்டுக்கொண்டு நெல்லின் பின்னாலேயே வந்து சாலையோரம் உட்கார்ந்தார்கள். கையால் அறுத்த நெல் கண்முன்னால் காய்கிறது, ஒரு பிடி உள்ளே போகவில்லை. எல்லையம்மாள் தனபாக்கியத்தின் பழைய வாடிக்கை. அந்த நேரத்துக்குப் பஸ்ஸிலிருந்து தனபாக்கியமும் கூடையோடு இறங்கினாள். விற்காது என்று தெரிந்தும் வந்திருந்தாள். மீன் விற்கத்தான் வந்ததாக என்னிடம் கேட்காமலேயே சொன்னாள்.

“ஒன் வூட்டுக்காரரு ஓடுறாராமே?” என்றாள் எல்லையம்மாள்.

“ஓடுது ஒண்ணு.”

“செயிச்சுருமா?”

“மொதல்ல வூடு வந்து சேரட்டும்.”

அப்போதுதான் தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. குனிந்து, மீசை காற்றில் பின்னுக்குப் போக, காயாரோகணம் வந்துகொண்டிருந்தார். தனியாக. பின்னால் ஒரு கூப்பிடு தூரத்துக்கு ஒரு ஆள் இல்லை. டயர் தாரில் ஒட்டாமல் சீறுகிற சத்தம் வந்தது. மனிதர் மிதிப்பதாகவே தெரியவில்லை, யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல வந்தார். கூடையைக் கீழே வைக்கக்கூட மறந்து தனபாக்கியம் அப்படியே நின்றாள்.

நான் கொடியை ஆட்டினேன். ஒதுங்கச் சொல்லி ஆட்டினேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக மிதித்தார்.

கல் மாதிரிக் காற்றடித்த ஒண்ணேகால் இஞ்சு, கணுக்கால் உயரத்து நெல்லில் ஏறியது. அவருடைய பழைய பூசணிக்காயாக இருந்தால் அமுங்கி வழி பண்ணிக்கொண்டு போயிருக்கும். இதற்குப் பிடிக்க இடமில்லை. முன்சக்கரம் ஒருமுறை நெளிந்தது. பிறகு சைக்கிள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக, நெல்லைப் பிளந்துகொண்டு போய் எல்லையம்மாள் காலடியில் நின்றார். முன்சக்கரம் எண்ணெயில் போட்ட அப்பளம்போல வளைந்திருந்தது.

“கையி காலு ஆட்டிப் பாருய்யா,” என்றாள் தனபாக்கியம். ஆட்டினார். “இருக்கு. மூள மட்டுந்தான் இல்ல.”

பின்னால் வந்தவர்களும் ஒருவர்மேல் ஒருவராக நெல்லில் விழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஜீப். முன் இருக்கையில் வைத்தியலிங்கமும் தாசில்தாரும் மாலையோடு. பின்னால் காற்றடிக்கும் பம்ப்போடு லியாகத் அலி, பந்தய மெக்கானிக் என்ற முறையில். வைத்தியலிங்கம் வாயைத் திறந்தது நெல்லைப் பார்த்துத்தான்.

“டேய்! எறங்குடா நெல்ல வுட்டு! எவன்டா அவன், அய்யோ என் நெ…”

அங்கேயே நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் தாசில்தார். முந்தாநாள் மேடை. உச்சவரம்புக்கு மேலே ஒரு சாண் நிலம் கிடையாது. இந்த நெல் விளைந்ததோ பேரன் பேரில் எழுதிய நிலத்தில்.

தாசில்தாருக்கு எல்லாம் தெரியும். அவர் வீட்டு அரிசியும் அந்த நிலத்து அரிசிதான். ஆனால் நாலு பேர் பார்க்கிற இடத்தில் அரசாங்கம் கேள்வி கேட்க வேண்டும். “இது யார் நெல்?” என்றார்.

பஞ்சநதம் வாயைத் திறந்தார். வைத்தியலிங்கம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

“யாரோ ஒரு ஏழை விவசாயி, பாவம்…” என்றார் வைத்தியலிங்கம்.

“பேரு என்னாங்கய்யா அந்த விவசாயிக்கு?” என்றாள் எல்லையம்மாள்.

வைத்தியலிங்கம் மாலையைச் சரிசெய்துகொண்டார். தொட்டிலில்கூட இல்லாத பேரன் பேரை எப்படிச் சொல்வது?

லியாகத் அலிக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. வளைந்த சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “யா அல்லா. அவளுக்கு நா என்னா பதிலு சொல்லுவேன்? காயா, ஒன் சக்கரம் ரெண்டும் போச்சுப்பா. பேச்சுன்னா பேச்சு.”

காயாரோகணம் நெல்லில் உட்கார்ந்தபடியே தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை என்னால் பார்க்க முடியவில்லை. கொடியைச் சுருட்டுவதில் கவனமாக இருந்தேன்.

தனபாக்கியம் கூடையை இறக்கி வைத்தாள். “பாய், எம் புருசன் டயரு தப்பா, ரோட்டுல கெடந்த நெல்லு தப்பா?”

“நெல்லுதான்.”

“அப்ப நெல்லுக்காரன்ட்ட கேளுங்க. அங்கதான மாலயப் போட்டுக்கிட்டு உக்காந்துருக்காரு.”

லியாகத் அலி எழுந்து ஜீப்பருகே போனார். “அய்யா, உங்க நெல்லுல எஞ் சக்கரம் போச்சு.”

“என் நெல்லு இல்லப்பா,” என்றார் வைத்தியலிங்கம்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கய்யா.”

“அதான் சொல்றேனே! எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல!”

தாசில்தார் தொண்டையைச் செருமினார். “பொதுச் சாலையில் கேட்பாரில்லாமல் கிடக்கும் பொருளை உடனே அப்புறப்படுத்த வேண்டும்,” என்று காகிதத்தில் எழுதியிருப்பதுபோலச் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று அவர் யோசிக்கவில்லை.

“அப்புறப்படுத்திடறோங்க,” என்றாள் எல்லையம்மாள்.

அதற்குப் பிறகு அந்தச் சாலை போல ஒரு சுத்தமான சாலையை நான் பார்த்ததில்லை. முந்தானையிலும் சாக்கிலும் சும்மாட்டுத் துணியிலும் அள்ளினார்கள். குறைத்து அளந்த கூலிக்குக் குறையில்லாமல் அள்ளினார்கள். வைத்தியலிங்கம் ஜீப்பில் உட்கார்ந்தபடி, மாலையோடு, சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைக்க நினைக்க எனக்கு இன்றைக்கும் இனிக்கிறது.

“இது யாருதும் இல்லல்ல?” என்று மறுபடி ஒருமுறை கேட்டுக்கொண்டு, லியாகத் அலியும் பஞ்சநதத்தின் வண்டியிலிருந்தே ஒரு சாக்கை உருவி, சக்கரத்துக்கு ஈடாகத் தன் பங்குக்கு அள்ளினார். நிரம்பியதும் தூக்கிப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது. “ஹபீபு இத ஒத்துக்குவா. காயா, பொழுதோட வந்து ஒன் பூசணிக்காய எடுத்துக்கிட்டுப் போ. கடையில எடத்த அடச்சுக்கிட்டுக் கெடக்குது.”

மாயவரம் எல்லைக்கோட்டுக்கு அன்று போய்ச் சேர்ந்த ஒரே ஆள், பந்தயத்துக்குப் பின்காவலாக மெதுவாக மிதித்து வந்த போலீஸ்காரர். நெல்லில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்து போனார். முதல் பரிசு அவருக்கு. கண்டக்டர் வேலை வேண்டாம், போலீஸ் வேலையே போதும் என்று சொல்லிவிட்டாராம்.

அன்றைக்கு மீன் பிய்த்துக்கொண்டு போயிற்று. கருவேலங்குடியிலேயே அரைக் கூடை காலி. மாற்றிக்கொண்ட நெல்லை, காலையில் வளைவுக்கு நான் ஏறி வந்த என் சைக்கிளில் கட்டினார்கள். நான் தள்ள, தனபாக்கியம் கூடையோடு முன்னால் நடந்தாள். காயாரோகணம் கோணல் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நொண்டியபடி ரொம்பப் பின்னால் வந்தார்.

அடுத்த தெருவில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். என்ன நடந்ததாம் என்று கேட்டார்கள். தனபாக்கியம் மீனை எண்ணிப் போட்டுக்கொண்டே சொன்னாள். “எங்க வூட்டுக்காரருதான் முன்னால. பின்னாடி வந்தவனுக்கும் இவருக்கும் ஒரு கூப்புடு தூரம்.”

அது எனக்குத் தெரிந்ததுதான். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்கடுத்த ஊர்க் கோயிலடியில் கூப்பிடு தூரம் ஒரு மைல் ஆகிவிட்டது. “மிதிக்கவே இல்லக்கா. சும்மா ஒக்காந்துருந்தாரு. அது பாட்டுக்குப் பறக்குது.”

கூடையில் கடைசிக் கூறு மீன் மிச்சமிருந்தபோது ஒரு வாய்க்கால் மதகில் நின்றோம். ஒரு கிழவி வாங்க வந்தாள். “ரேஸுல யாரு செயிச்சது?” என்று கேட்டாள்.

தனபாக்கியம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வெகுதூரத்தில், தோளில் சைக்கிளோடு ஒரு உருவம் வரப்பில் வந்துகொண்டிருந்தது. காதுக்கு எட்டாது.

“எம் புருசந்தான்,” என்றாள். “வேலயக் கூடக் குடுக்க வந்தாங்க. பஸ்ஸு ஒத்துக்காதுன்னு வேண்டாம்னுட்டாரு.”

கிழவி போனாள். காயாரோகணம் மூச்சு வாங்க வந்து சேர்ந்து சைக்கிளை இறக்கினார். தனபாக்கியம் வெறும் கூடையை எடுத்து அவர் தலையில் கவிழ்த்தாள்.

“நடய்யா, கூறுகெட்ட மனுசா. பாய் கடயச் சாத்திடப் போறாரு.”